துரைசாணி சொன்ன வார்த்தை

தைப்பிங் மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடர் குணாளனோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே வாத்தியார் என்று கும்பிடும் மனிதர், சாமி முன்னால் மட்டும் கைகட்டி உட்காருவார்.

குணாளன் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயாவாக உழைத்துத் தேய்ந்தவள். துரை பிள்ளைக்குச் சோறூட்டலாம். அந்த வீட்டு நாற்காலியில் உட்காரக் கூடாது. தொழிலாளர் லயத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டி சாகக் கிடந்த அன்று பங்களாவில் விருந்து. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா கெஞ்சினாள். துரையின் மனைவியான துரைசாணி விடவில்லை. மறுநாள் போனபோது பாட்டியைப் புதைத்துவிட்டிருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் குணாளன் துரைசாணியைச் சபிப்பார்.

நாவல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“அன்னைக்குத் துரைசாணி என்ன சொல்லித் தடுத்தாள்னு தெரியல சாமி. அம்மா சொல்லாமலே போய்ட்டாங்க. எவ்வளவு கொடுமையா எழுதினாலும் பொய்யாத் தெரியுது. ஒரு மனுசிக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ.”

சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு குணாளன் கூடவே வரும் வேலைக்காரப் பெண்ணை எங்கே காணோம் என்று சாமி கேட்டார். ஜாவாவிலிருந்து வந்தவள் அவள், பெயர் சுலாஸ்திரி.

அவள் நேற்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள் என்றார் குணாளன். ஊரில் தாய்க்கு ரொம்ப முடியவில்லையாம், உடனே போகணுமாம். நல்ல பெண்தான், வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து, வீடு கொள்ளாத கூட்டம் வரும். முன்பிருந்தவள் ஓடிப்போனதிலிருந்து, வேலைக்கு வருபவர்களின் பாஸ்போர்ட்டைப் பூசையறை அலமாரியில் வைத்துப் பூட்டுவது அந்த வீட்டு வழக்கம்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“கோபமா ஒண்ணும் சொல்லல சாமி. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, விசேஷம் முடியட்டும், நானே டிக்கெட் எடுத்து அனுப்பறேன்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று தலைகுனிந்தார்.

“எழுந்திருங்க வாத்தியாரே,” என்றார் சாமி. “முதல்ல போய் பாஸ்போர்ட்டைக் கொடுங்க.”

குணாளன் காரை விரட்டிக்கொண்டு போனார். வெட்கத்தில் முகம் காந்தியது. வீட்டுப் பின்கட்டில் சுலாஸ்திரி விசேஷத்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மாவை மத்தியானமே அடக்கம் பண்ணிவிட்டார்களாம், முதலாளி, என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பிசைய ஆரம்பித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் குணாளன் மடத்துக்குத் திரும்பி வந்தார். சாமி காலடியில் விழுந்து, அந்த வயதிலும் குழந்தை மாதிரி தேம்பினார்.

“இனிமே நான் என்ன செய்யறது சாமி?”

சாமிக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

“துரைசாணி என்ன சொன்னாள்னு தெரிஞ்சுபோச்சே,” என்றார். “எழுதி முடிங்க.”