எதையும் எடுக்காத மந்தி

சோலைக்காட்டு ஓடை ஒன்றில் ஒரு ட்ரவுட் மீன் இருந்தது. உடம்பெல்லாம் புள்ளி. அதனால் எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்று கூப்பிட்டார்கள்.

குளிர் தொடங்கியதும் புள்ளியம்மா வாலால் கூழாங்கற்களை விலக்கிப் பள்ளம் பறித்தாள். அதில் முட்டையிட்டாள். கற்களை மெதுவாக மேலே தள்ளி மூடினாள். சில வாரம் கழித்துக் கல்லிடுக்கில் பார்த்தபோது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை குஞ்சுகளின் கண்கள். இன்னும் பதினைந்தே நாள், வெளியே வந்துவிடும்.

அந்த ஓடைக்கு நீர்நாய்தான் காவல். "மீனைத் தொடமாட்டேன், நண்டு மட்டும்தான் தின்பேன்" என்று காடு முழுக்கக் கேட்கச் சத்தியம் செய்து அந்த வேலைக்கு வந்திருந்தது. வந்ததும் ஒரு சட்டம் போட்டது: "குளிர் மாதங்களில் ஓடையிலிருந்து யாரும் மீனை எடுத்துக்கொண்டு போகக் கூடாது!"

ஒரு காலை, மீன்கொத்தி விரல் நீளப் பொடிமீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.

"நில்! வாயில் என்ன?" என்றது நீர்நாய்.

"குஞ்சுகளுக்கு, ஐயா. நாலும் பசியில் கத்துகின்றன. இந்த ஒன்று போதும், நாளைக்குத்தான் வருவேன்."

"சட்டம் தெரியாதா? திருடி! இனிமேல் இந்தப் பக்கமே உன்னைப் பார்க்கக் கூடாது!"

மீன்கொத்தி மீனைப் போட்டுவிட்டு வெறும் அலகோடு பறந்து போனது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கருமந்தி வந்தது. அது இலை தின்கிற பிராணி. ஆனாலும் விளையாட்டாக மீன் பிடிக்க வரும். முழங்கால் தண்ணீரில் இறங்கி, புள்ளியம்மா முட்டைகளை மூடி வைத்த கூழாங்கற்கள் மேலேயே கால் பரப்பி நின்றது. சட்டென்று ஒரு மீனைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியது.

கரையில் உட்கார்ந்திருந்த கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"அடேயப்பா துரை! எவ்வளவு பெரிசுடா!"

"இந்தப் பக்கம் திருப்புடா, வால் தெரியலை!"

மந்தி இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கமும் திருப்பியது. மீன் வாயைப் பிளந்து தவித்தது. கடைசியில் அதைத் தடவிக் கொடுத்துத் தண்ணீரில் விட்டது மந்தி. "போ ராஜா, போ! பிழைத்துப் போ!"

"பார்த்தீர்களா? இவனல்லவா நல்லவன்!" என்று நீர்நாய் உருகிப்போனது.

மந்தியின் காலடியில் கற்கள் நறநறவென்று புரண்டன. புள்ளியம்மா பாய்ந்து வந்தாள்.

"காலை எடு! கீழே என் முட்டைகள்!"

மந்திக்கு அது காதில் விழவில்லை. அடுத்த கைதட்டலுக்காகக் காத்திருந்தது. அவள் நீர்நாயிடம் விரைந்தாள்.

"ஐயா, நசுக்குகிறான் ஐயா! குஞ்சுக்குக் கண் வந்துவிட்ட முட்டைகள்!"

"இதோ பாரம்மா, அவன் எதையாவது எடுத்தானா?"

"இல்லை, ஆனால்..."

"எடுக்கவில்லை அல்லவா? அப்புறம் என்ன? சும்மா கூச்சல் போடாதே!"

மறுநாளும் மந்தி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் புள்ளியம்மா கத்தினாள். ஒவ்வொரு நாளும் நீர்நாய், "எடுத்தானா?" என்றே கேட்டது.

புள்ளியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசிக்கு ஒன்று எடுத்தவள் திருடியாம்! விளையாட்டுக்கு நூறை மிதிக்கிறவன் நல்லவனாம்! இது என்ன நியாயம்?

அந்திநேரம் தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமையிடம் போனாள்.

"பெரியவரே, ஓர் உதவி. நாளைக் காலையில் அந்த மேட்டுக்கரையில் நின்று தண்ணீர் குடிப்பீர்களா? அதற்கு அடியில்தான் நீர்நாயின் வளை இருக்கிறது. ஆனால் ஓரமாக, மெதுவாகக் கால் வையுங்கள். உள்ளே குட்டிகள் இருக்கின்றன. கொஞ்சம் மண் உதிர்ந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம்."

"சரியம்மா" என்றது காட்டெருமை.

மறுநாள் அது மேட்டின் ஓரத்தில் பூப்போல ஒரு காலை வைத்தது. வளைக்குள் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. குட்டிகள் கீச்சிட்டன. நீர்நாய் அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயோ, என் குட்டிகள்! காலை எடு! காலை எடு!"

"நான் எதையாவது எடுத்தேனா?" என்று புள்ளியம்மா சொல்லிக்கொடுத்தபடியே கேட்டது காட்டெருமை.

"எடுக்கவில்லை, ஆனால்..."

அது புள்ளியம்மா சொன்ன அதே "ஆனால்". நீர்நாய் திரும்பிப் பார்த்தது. தண்ணீருக்குள்ளிருந்து புள்ளியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டெருமை காலை எடுத்துக்கொண்டு பின்வாங்கியது.

நீர்நாய் நேராக மந்தியிடம் போனது. "வெளியே வா! உனக்கு வேண்டியது மீனா, கைதட்டலா?"

மந்தி தலையைச் சொறிந்தது. "கைதட்டல்தான்."

"அதை மரத்தில் தொங்கி வாங்கிக்கொள்! முட்டை பொரிகிற வரை கூழாங்கல் மேல் யார் காலும் படக் கூடாது. இதுதான் இனிமேல் சட்டம். மீன்கொத்தியைக் கூப்பிடுங்கள், நாளுக்கு ஒரு பொடிமீன் எடுத்துப் போகட்டும்."

மந்தி குனிந்து தண்ணீரைப் பார்த்தது. "எனக்குத் தெரியாதே! முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன்!" என்று சீறினாள் புள்ளியம்மா. "தினமும் சொன்னேன்! உன் காதில் கைதட்டல் மட்டும்தான் விழுந்தது!"

பதினைந்தாம் நாள் முட்டைகள் பொரிந்தன. கற்களின் ஓர் ஓரத்திலிருந்து மட்டும் குஞ்சுகள் ஒவ்வொன்றாக நீந்தி வந்தன. மந்தி நின்ற இடத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. குஞ்சுகளெல்லாம் நீந்திப் போன பிறகும் புள்ளியம்மா அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

எதை எடுத்தாய் என்று மட்டும் கேட்டு, எதை மிதித்தாய் என்று கேட்காத காவல், காவலே அல்ல.