இலைக்காவல்

அன்று நண்பகலில் மலையடி மடத்தில் இருந்தவர்கள் ஐவர். மடத்தின் தலைவர் தவசிலிங்க அடிகள். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய மூத்த சீடர் மறைக்காடர். குருவைவிடப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர், உடலால் மடத்தில் எல்லாரையும்விடப் பெரியவர். இளைய சீடர் சிவக்கொழுந்து. மடைப்பள்ளியை நடத்திய உலகம்மாள். ஐந்தாமவர் ஊர் ஊராகச் சென்று அம்மி கொத்தும் இசக்கிமுத்து. அவர் கடைசியில் வந்தார்.

மற்றச் சீடர்கள் முதல் மணிக்கு உண்டுவிட்டு வயலுக்குப் போயிருந்தார்கள்.

மறைக்காடர் நண்பகல் உணவைத் துறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துறந்துவிட்டதாக மடம் நம்பியது.

அவர் துறந்ததற்குக் காரணம் குருபூசை. அந்த நாளில் மூத்த சீடர் ஓடைநீரைக் குடத்தில் முகந்து, தோளில் ஏற்றி, அறுநூற்று நாற்பது படி ஏறி, முதற்குருவின் சமாதியில் சேர்க்க வேண்டும். குடத்தை வழியில் இறக்கக் கூடாது. சென்ற ஆண்டு முந்நூறாம் படியில் மறைக்காடர் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். குடத்தைச் சிவக்கொழுந்து வாங்கிக்கொண்டு மேலே போனார். பின்னால் வந்த ஊர் முழுவதும் மறைக்காடரைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவி மட்டும் நின்று, தன் வெற்றிலைப் பையை மடித்து அவர் தலைக்குத் தாங்கலாக வைத்தாள். அதை அவர் ஓராண்டாக மறக்க முயன்றுகொண்டிருந்தார்.

“பத்துக் கிலோ குறைய வேண்டும்” என்று வைத்தியர் சொல்லியிருந்தார். “பட்டினி கிடக்காதீர்கள். மூன்று வேளையும் உண்ணுங்கள். ஒவ்வொரு வேளையும் அரை வயிற்றுக்கு உண்ணுங்கள்.”

அரை வயிறு மறைக்காடருக்குச் சிறிய காரியமாகப் பட்டது. அவர் உண்ணும் கூடத்தில் எல்லார் முன்னும் எழுந்து நின்று, உள்ளங்கையில் நீர் வார்த்து, “நாற்பத்தெட்டு நாள் நண்பகல் உணவைத் துறந்தேன்” என்றார். நீர் வார்த்துச் சொன்ன சொல்லை அந்த மடத்தில் யாரும் திரும்பப் பெறுவதில்லை. சீடர்கள் கைகூப்பினார்கள். முதல் நாள் அந்தக் கைகூப்பலே அவருக்கு உணவாக இருந்தது. இரண்டாம் நாள் அது அரை உணவாயிற்று. மூன்றாம் நாள் அது உணவாகவே இல்லை.

அந்த மடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. நாள்தோறும் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்கள். அது வழிப்போக்கருக்கு உரியது. சீடருக்கு இடுவதைப்போல் இருமடங்கு சோறு இட்டு, விருந்தறையில் மூடி வைப்பார்கள். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே யார் வந்தாலும் அந்த இலையில் அமரலாம். வந்தவர் பெயரைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை. ஒரு சீடர் மட்டும் அங்கே காவல் இருப்பார்.

மூன்றாம் நாள் மறைக்காடர் அந்தக் காவலைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். “நான்தான் உண்பதில்லையே. மற்றவர்கள் நிம்மதியாக உண்ணட்டும்” என்றார். அதற்கும் கைகூப்பினார்கள்.

அன்று அவர் எடுத்தது ஓர் அப்பளம். மறுநாள் கூட்டு. அதற்கு மறுநாள் இலை முழுவதும்.

உண்டு முடித்து, இலையை எறிந்து, கை கழுவி வந்து, “ஒருவர் வந்தார். உண்டார். போனார்” என்று மடைப்பள்ளியில் சொல்லுவார். உலகம்மாள் தவறாமல் ஒன்று கேட்பாள்:

“நல்லா சாப்பிட்டாகளா சாமி?”

“நன்றாக உண்டார்.”

இடையில் இரண்டு நாள் உண்மையாகவே வழிப்போக்கர்கள் வந்தார்கள். அந்த இரண்டு நாளும் மறைக்காடர் கதவருகே நின்று, அவர்கள் உண்பதைப் பார்த்து, அவர்களை வெறுத்தார். வெறுத்ததை எண்ணி மாலை வழிபாட்டில் வாய் திறந்து பாட முடியாமல் நின்றார். மறுநாள் மறுபடியும் காவலுக்குப் போனார்.

வெள்ளிதோறும் களஞ்சியத்தில் நெல்மூட்டை நிறுக்கும் மேடைத்தராசில் ஏறி நிற்பார். எடைக்கற்களை உலகம்மாள் வைப்பாள். அன்றும் வெள்ளி.

“என்ன வருகிறது?” என்று காலையில் கேட்டார்.

“போன வாரம் வச்ச கல்லுதான் சாமி. இன்னும் ஒரு கல்லு கேக்குது.”

“சரியாகப் பாருங்கள்.”

“நான் சரியாத்தான் பார்க்கேன். காத்தைக் குடிச்சே ஊதுற உடம்பு உங்களுது. நாளையிலயிருந்து வேணும்னா மூக்கையும் மூடிக்கிடுங்க.”

மறைக்காடரும் அவளோடு சேர்ந்து சிரித்தார். தராசிலிருந்து இறங்கும்போது அவள் கைகொடுத்தாள். மூன்று வாரமாகப் பட்டினி கிடப்பவர் என்பதால் கொடுத்தாள்.

முதல் மணி அடித்தது. சீடர்கள் உண்டு போனார்கள். மறைக்காடர் விருந்தறைக்குப் போனார். குழம்பு தெறிக்குமென்று, மடத்துச் சீடருக்கு அடையாளமான காவித் துண்டைச் சுவரிலிருந்த முளையில் மாட்டினார். இலைக்கு முன் அமர்ந்தார். புளிக்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, சுண்டைக்காய் வற்றல். பாதி உண்டிருந்தபோது கதவு திறந்தது.

சிவக்கொழுந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். வந்தவர் தோளில் உளிப்பை, புருவமெல்லாம் கல்தூள்.

“அடடே, ஆளு இருக்காகளா?” என்றார் வந்தவர்.

மறைக்காடர் எழ முயன்றார். வாய் நிறையச் சோறு இருந்தது.

“எந்திரிக்காதிய அண்ணாச்சி, எந்திரிக்காதிய. பசிச்சு உக்காந்த ஆளை எழுப்புன பாவம் இந்த இசக்கிமுத்துக்கு வேண்டாம். ரொம்பத் தூரத்துல இருந்து வாறியளோ?”

மறைக்காடர் தலையசைத்தார்.

“மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. சாப்பிட்டு ரெண்டு நாளு இருக்குமா?”

இரண்டாம் முறை அவரால் தலையசைக்க முடியவில்லை. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“நானும் காலையில ரெண்டு டீக்கடையைத் தாண்டித்தான் வந்தேன். மடத்துல இலை கிடக்கும்னு ஒரு தெம்பு. சரி, முந்தி வந்தவுகளுக்கு இலை. அதுதான நியாயம்.” அவர் சிவக்கொழுந்தின் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரு செம்புத் தண்ணி மட்டும் குடுங்க. அடுத்த ஊருக்கு ஒரே எட்டு.”

சிவக்கொழுந்து முளையில் தொங்கிய காவித் துண்டைப் பார்த்தார். பிறகு மறைக்காடரைப் பார்த்தார். மறைக்காடர் அந்த முகத்தில் ஒரு சிரிப்பைத் தேடினார், இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சிரிப்பு இல்லை.

“தண்ணீர் கொண்டுவருகிறேன்” என்று சிவக்கொழுந்து போனார்.

பேச்சுக் குரல் கேட்டு அடிகள் வந்தார். இசக்கிமுத்து கும்பிட்டார்.

“வாருங்கள். இலை கிடைத்ததா?” என்றார் அடிகள்.

“இந்த அண்ணாச்சி எனக்கு முந்திட்டாக சாமி. நல்ல பசி போல. நிமிரவே இல்லை.”

அடிகள் பார்த்தார். மறைக்காடர் கையை ஊன்றி எழப் போனார்.

“அமருங்கள்” என்றார் அடிகள். “விருந்தினரைப் பாதி இலையில் எழுப்பும் வழக்கம் இங்கே இல்லை.”

அவர் மூலையிலிருந்த பனையோலை விசிறியை எடுத்துவந்தார். இலைக்கு எதிரே தரையில் அமர்ந்தார். தம் மூத்த சீடருக்கு விசிறத் தொடங்கினார்.

“சுவாமி” என்றார் மறைக்காடர்.

“உண்ணுங்கள். மோர் வருகிறது.”

மோரை உலகம்மாள் கொண்டுவந்தாள். இலையை முதலில் பார்த்தாள், ஆளைப் பிறகு பார்த்தாள்.

“நீங்களா சாமி?”

இசக்கிமுத்து அவளைப் பார்த்தார். “இவுக மடத்து ஆளா?”

உலகம்மாளின் கண் முளையில் தொங்கிய காவித் துண்டுக்குப் போயிற்று. இசக்கிமுத்து உளிப்பையைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தெரியாம அண்ணாச்சி அண்ணாச்சின்னுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க சாமி” என்றார் மறைக்காடரிடம்.

“நீரு எதுக்கய்யா மன்னிப்புக் கேக்கீரு?” என்றாள் உலகம்மாள். “வாரும். என் பங்குச் சோறு இருக்கு. அடுப்பைக் கழுவியாச்சு, ஆறித்தான் கிடக்கும்.”

“அப்ப நீங்க?”

“நான் காலையில ரெண்டு இட்லி கூடத்தான் தின்னேன். வாரும்.”

அவரை மடைப்பள்ளியில் அமர்த்திவிட்டு அவள் திரும்பி வந்தாள். உள்ளே வராமல் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூணு வாரமா நானும் கேட்டேனே சாமி. நல்லா சாப்பிட்டாகளான்னு.”

மறைக்காடர் இலையைப் பார்த்தபடி சொன்னார்: “யாரும் வராத நாளில் மாட்டுக்குப் போகிற இலைதானே, உலகம்மா.”

“மாட்டுக்கா?”

“மாட்டுக்கு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்.”

“மாடு என்னைக்குச் சாமி இந்த இலையைத் தின்னுச்சு? இந்த மடத்துல தலைவருக்குன்னு தனியா அரிசி போடுற பழக்கமே கிடையாது. முதற்குரு காலத்துல இருந்து அப்படித்தான். ரெண்டாம் மணி வரைக்கும் விருந்தாளி வரலைன்னா, இந்த இலை இவுகளுக்கு. வந்துட்டா, பச்சைத் தண்ணி. வெளியில சொல்லக் கூடாதுன்னு எனக்குக் கட்டளை. நீங்க வந்து ‘உண்டார், போனார்’னு சொல்லுவிய. இவுக ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு ஏடு படிக்கப் போவாக.”

“உலகம்மா” என்றார் அடிகள். “அவருக்குக் குழம்பு வேண்டுமா என்று போய்ப் பாருங்கள்.”

அவள் போனாள்.

சிவக்கொழுந்து தண்ணீர்ச் செம்புடன் வந்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார்.

“குருபூசையன்று குடத்தைச் சிவக்கொழுந்தே எடுக்கட்டும், சுவாமி” என்றார் மறைக்காடர்.

“எனக்கு வேண்டாம்” என்றார் சிவக்கொழுந்து. செம்பைத் தரையில் வைத்துவிட்டு மடைப்பள்ளிப் பக்கம் போனார்.

“குடத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது” என்றார் அடிகள். “இலையில் சோறு இருக்கிறது.”

“இறங்கவில்லை.”

அடிகள் விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“வைத்தியர் உங்களுக்கு என்ன சொன்னார்?”

“அரை வயிற்றுக்கு உண்ணச் சொன்னார்.”

“ஏன் அப்படி உண்ணவில்லை?”

“எல்லாரும் பார்ப்பார்கள்.”

“எதை?”

“மெலிந்தவன் உண்ணும்போது முகத்தைப் பார்க்கிறார்கள், சுவாமி. பருத்தவன் உண்ணும்போது இலையைப் பார்க்கிறார்கள். குறைவாக உண்டால், முந்நூறாம் படியை நினைத்துக் குறைக்கிறான் என்பார்கள். வழக்கம்போல் உண்டால், இன்னும் புத்தி வரவில்லை என்பார்கள். உண்ணாமலே இருந்துவிட்டால் பார்ப்பதற்கு இலை இல்லை.”

“கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை.”

“இல்லை.”

“அங்கே சோறு எப்படி இருந்தது?”

மறைக்காடர் ஒரு பருக்கையை இலையோரம் ஒதுக்கினார்.

“ருசி தெரியவில்லை” என்றார். “காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே உண்டேன்.”

அடிகள் தலையசைத்தார்.

“நாளை முதல் மணிக்கு உங்கள் பழைய இடத்தில் உங்களுக்கு இலை விழும். அரை வயிற்றுக்கு.”

“நீர் வார்த்துச் சொல்லியிருக்கிறேன்.”

“அந்தச் சொல் உடைந்துவிட்டது. உடைந்தது என்று கூடத்தில் சொல்லிவிட்டு அமருங்கள்.”

“பார்ப்பார்கள்.”

“பார்ப்பார்கள்.”

மடைப்பள்ளியிலிருந்து இசக்கிமுத்தின் குரல் கேட்டது. போதும் போதும் என்று அவர் மறுக்க, உலகம்மாள் அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

மறைக்காடர் முதல் முறையாகக் குருவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மூன்று வாரமாக அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். தவம் என்று நினைத்திருந்தார்.

“உங்களுக்குப் பசிக்கவில்லையா, சுவாமி?”

“பசித்தது.”

“எப்படித் தாங்கினீர்கள்?”

அடிகள் விசிறியைக் கீழே வைத்தார்.

“யாரோ ஒரு வழிப்போக்கர் வயிறு நிறைந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நேற்றுவரை அது போதுமானதாக இருந்தது.”

மறைக்காடர் எழுந்தார். மூன்று வாரமாக அவர் கை கழுவப் போன பின்வாசல் நான்கு அடி தொலைவில் இருந்தது. அவர் கூடத்தைக் கடந்து, வயலிலிருந்து சீடர்கள் திரும்பிக்கொண்டிருந்த முன்வாசல் வழியாக, எச்சில் கையைக் கழுவாமல், அவர்கள் பார்க்கும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.