இன்னொரு கிளாஸ்

விடிந்தால் வண்டி வந்துவிடும். திண்டுக்கல்லில் இத்தனை வருஷம் சவரிமுத்துவுக்குச் சோறு போட்ட இட்லி மாவுக் கடையின் கிரைண்டர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். விற்றாயிற்று. இனி அந்த இடத்தில் முருங்கைக்கீரை சூப் பொடி. அது படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

பயம் தாங்காமல் சாயங்காலம் ஹசீனா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். சிறுதொழில் பயிற்சி மையத்தில் சந்தை ஆய்வு சொல்லிக்கொடுப்பவர் டீச்சர். வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவர் வகுப்பில் சவரிமுத்து முதல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்.

"நீங்க சொன்னபடி ஆளுங்களைக் கேட்டேன் டீச்சர்."

"யாரைக் கேட்டீங்கண்ணே?"

"மாவு வாங்க வர்றவங்க, சொந்தக்காரங்க, சர்ச்சுல பாக்குறவங்க. நானே கையால சூப்பு வச்சுக் குடுத்தேன். ஒருத்தர் விடாம நல்லாயிருக்குன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்ன பிறகும் ஏன் டீச்சர் இப்படிப் பயமா இருக்கு?"

டீச்சர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் வாயிலேயே சவரிமுத்துவுக்குக் குமட்டியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு. பாவம், ஏதோ நினைப்பில் மாற்றிப் போட்டுவிட்டார் போல. வீடு தேடி வந்த இடத்தில் அதை எப்படி முகத்துக்கு நேரே சொல்வது? மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் மாதிரி விழுங்கி முடித்தார்.

"டீ எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாயிருக்கு டீச்சர்."

"இன்னொரு கிளாஸ் கொண்டுவரட்டுமா?"

"ஐயோ, போதும் டீச்சர்." கை தானாகப் போய்க் கிளாஸை மூடிக்கொண்டது.

டீச்சர் அந்தக் கையையே பார்த்தார்.

"உங்க சூப்பை யாராவது இன்னொரு கிளாஸ் கேட்டாங்களாண்ணே?"

சவரிமுத்துவும் தன் கையைப் பார்த்தார். மாவு வாங்க வந்தவர்கள், மச்சான், பங்குச் சாமியார் என்று ஒவ்வொருவர் கையும் கிளாஸை மூடியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"காலைல வண்டி வந்துருமே டீச்சர்."

"இன்னும் வரலையேண்ணே."