தண்ணீரில் விட்டவர்

கொம்பையா முப்பது வருடம் தாமிரபரணியில் தோணி ஓட்டியவர். பாலம் வந்தபின் மடத்தில் சேர்ந்தார். மடத்தின் தலைவி பூரணத்தம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் கொம்பையா அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

ஒரு நாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

“நன்றி மறந்தவனை நண்பன் என்று சொல்லலாமா, அம்மா?”

“யாரைச் சொல்கிறீர்கள்?”

மாசானத்தைப் பற்றிச் சொன்னார். சிறு வயது முதல் சிநேகிதம். தோணி ஓட்டிய கடைசி வருடம், கார்த்திகை வெள்ளத்தில் கரை இடிந்து இரண்டு பேர் ஆற்றில் விழுந்தார்கள். தோணிக்குப் பக்கத்தில், ஒரு கிளையைப் பிடித்தபடி முன்பின் தெரியாத ஒருவர். தூரத்தில் மாசானம். கொம்பையா கிளையைத் தாண்டித் துடுப்புப் போட்டார். மாசானத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பியபோது கிளை மட்டும் மிதந்தது.

முதல் வருடம் மாசானம் தினமும் வந்தார். பிறகு எப்போதாவது. இப்போது மகள் ஊருக்கே போய்விட்டார். சொல்லி அனுப்பினால் பதிலும் இல்லை.

“நாளை போய்ப் பார்ப்போம்” என்றார் பூரணத்தம்மாள்.

மாசானம் இருவரையும் வரவேற்று உட்கார வைத்தார். காபி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு ஓய்ந்த இடத்தில் கொம்பையா நண்பரின் தோளில் கை வைத்தார்.

“இவனுக்காகத்தான் அம்மா, அன்றைக்கு ஓர் உயிரைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன்.”

மாசானம் டம்ளரைக் கீழே வைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொல்லைக்குப் போனார். அம்மாளும் எழுந்து போனார்.

மாசானம் மாட்டுக்கு வாளியை வைத்தார். பிறகு, மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் கொம்பையா இதைத்தான் சொன்னான் என்றார். காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்தும் இதையே சொன்னானாம்.

“பாசத்தில்தான் சொல்கிறான், தெரியும். அந்த ஆளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, அம்மா. ஆனால் வாய்விட்டுச் சிரித்தால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.”

பஸ் நிறுத்தத்தில் கொம்பையா கேட்டார்.

“என்ன சொன்னான்?”

பூரணத்தம்மாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்.

“கிளையைத் தாண்டிப் போகும்போது மாசானத்திடம் கேட்டுவிட்டா போனீர்கள்?”

“எப்படிக் கேட்பது? அவன் முங்கிக்கொண்டிருந்தான். நானாகத்தான் போனேன்.”

“திரும்ப அப்படி நடந்தால்?”

“அவனிடம்தான் போவேன்.”

“போங்கள். அதில் தப்புச் சொல்ல எனக்குத் தெரியாது.”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. பூரணத்தம்மாள் எழுந்தார்.

“விட்டுவிட்டு வந்தது நீங்கள். அந்த ஆளை எதற்கு மாசானத்தின் தலையில் ஏற்றினீர்கள்?”

பஸ் வந்து நின்றது. கொம்பையா உட்கார்ந்தே இருந்தார்.