தேனீ ஏன் ஆடுது

இல்ல கண்ணாயிரம் மாமா, நான் உக்கார மாட்டேன். நீங்க பேசுறப்போ நான் குறுக்க வந்தேனா? கணக்கு பீரியட்ல ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க இடுப்பை ஆட்டிக்கிட்டு நின்னோம்னு சொன்னீங்க. உண்மைதான், ஆடினோம். ஜெபமாலை டீச்சர்தான் ஆடச் சொன்னாங்க. அதுக்காக அவங்க இனி கதையே சொல்லக் கூடாது, பாடத்துக்குக் கொண்டு வர்ற அட்டை, குச்சி, பந்து எல்லாத்தையும் ஆபீஸ் ரூம்ல வெச்சுப் பூட்டணும், பிள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிச்சா போதும்னு இந்தப் பெற்றோர் கூட்டத்துல எல்லாரையும் கை தூக்கச் சொல்றீங்க. அந்த ஆட்டம் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கல. அதனால டீச்சர் சொன்ன அந்தக் கதையை நான் சொல்றேன். கை தூக்குறவங்க கேட்டுட்டுத் தூக்கட்டும்.

எல்லா உசிரும் பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, தேனீக்கும் நல்லாப் பேச்சு வரும். ஆட்டம்தான் வராது.

ஒரு மருதமரப் பொந்துல தேனீக் கூட்டம் ஒண்ணு இருந்துச்சு. அதுல பெரிய தலை கருமுதுகி. அவ வெச்சதுதான் பாடம். யாராவது பூ கண்டுபிடிச்சா, போற வழியை ஒரு வரியாக் கட்டி, பொந்து அதிர அத்தனை பேரும் ஒப்பிக்கணும். அந்தக் கோடையில கிழக்கே ஒரு புங்கமரம் பூத்திருந்துச்சு. காலையில கண்டுபிடிச்சு வந்து கட்டின பாடம் இதுதான்: "சூரியனைப் பார்த்துப் பற, புங்கமரம் வரும்."

காலையில போனவங்க வயிறு நிறையத் தேனோட வந்தாங்க. சாயங்காலம் போனவங்க வரல. அவங்களும் பாடத்தை ஒரு எழுத்து பிசகாமத்தான் செஞ்சாங்க மாமா. சூரியனைப் பார்த்தேதான் பறந்தாங்க. ஆனா சூரியன் அதுக்குள்ள மேற்கே போயிருச்சு. மேற்கே வெறும் பாறைக்காடு. றெக்கை சோர்ந்து அங்கேயே விழுந்துட்டாங்க.

கருமுதுகி என்ன சொன்னா தெரியுமா? "ஒழுங்கா மனப்பாடம் பண்ணல. இன்னும் சத்தமாச் சொல்லுங்கடி."

சத்தம் ஏறுச்சு, கூட்டம் குறைஞ்சுச்சு. மழை வேற நெருங்குது. மழை விழுந்தா இருக்கிற பூவும் கொட்டிரும். அறைக்குள்ள கெடக்குற புழுக்குஞ்சுங்களுக்குச் சேர்த்து வைக்க ஒண்ணுமில்ல.

புதுசா றெக்கை முளைச்சதுங்களுக்குப் பாடம் எடுத்தது பொன்னரைன்னு ஒரு தேனீ. அவ பிள்ளைங்களைப் பொந்து வாசலுக்குக் கூட்டிட்டு வந்தா. மரப்பட்டையில ஒரு சுள்ளியைச் செருகி, அதோட நிழலைக் காட்டினா.

"நிழல் ஏன் டீச்சர் நகருது?"

"சூரியன் ஆடு மேய்க்கிறவருடி. ஒரே இடத்துல உக்காந்தா ஆடு என்னத்தைத் திங்கும்?"

அந்தக் கூட்டத்துல சிணுங்கின்னு ஒருத்தி, தொட்டதுக்கெல்லாம் அழுவா. அவதான் கேட்டா: "அப்போ 'சூரியனைப் பார்த்துப் பற'ன்னா, எந்த நேரத்துச் சூரியனை டீச்சர்?"

பொன்னரை சுள்ளியோட நிழலைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம், "இதை ஏன் நம்ம கூட்டுல ஒருத்தருமே கேக்கல"ன்னா. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னா.

சூரியன் மேற்கே சாய்ஞ்சிருந்த நேரம். உடனே அதுக்கு முதுகைக் காட்டிப் பறந்துபோய்ப் புங்கமரத்தைப் பார்த்துட்டு வந்தா. ஆனா அதைப் பொந்துக்குள்ள எப்படிச் சொல்றது? உள்ள இருட்டு. சூரியனே தெரியாது. பொன்னரை செங்குத்தாத் தொங்குற தேனடையில ஏறி நின்னுக்கிட்டு, "நேர் மேல சூரியன் இருக்குன்னு வெச்சுக்குவோம்"னா.

சிரிக்காதீங்க மாமா. எங்க கணக்குப் புத்தகத்தைத் திறங்க, பாதிக் கணக்கு அப்படித்தான் ஆரம்பிக்குது. ஒரு எண்ணை எக்ஸ்னு வெச்சுக்குவோம். அது மட்டும் கணக்கு, டீச்சர் வெச்சுக்கச் சொன்னா கட்டுக்கதையா?

பொன்னரை சொன்னா: "பூ சூரியன் இருக்கிற பக்கம்னா நான் மேல பார்த்து நடப்பேன். சூரியனுக்கு முதுகு காட்டிப் போகணும்னா கீழ பார்த்து நடப்பேன். சூரியனுக்கு வலது பக்கம் ஒதுங்கணும்னா நானும் வலது பக்கம் சாய்வேன். தூரம்னா ரொம்ப நேரம் இடுப்பை ஆட்டுவேன், பக்கம்னா கொஞ்சமா." சொல்லிட்டு நேர் கீழ பார்த்து ஆடிக் காட்டினா. இருட்டுல கண்ணு உதவாது. பிள்ளைங்க தலையில இருக்கிற உணர்கொம்பை நீட்டி அவ வயித்தைத் தொட்டுக்கிட்டே பின்னாடி போச்சுங்க.

"டீச்சர், உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

"பசியை விடவா கூச்சம் பெருசு? வா, நீயும் ஆடு."

கருமுதுகி வந்துட்டா. "பாடம் நடக்குற இடத்துல இடுப்பாட்டமா? பிள்ளைங்களைக் கெடுக்குறியா? கூட்டை விட்டு வெளிய போ." கூட்டை விட்டுத் தனியாப் போன தேனீ பிழைக்காது, அது அவளுக்கும் தெரியும். வாசக்காவல்காரிங்க ரெண்டு பேர் வந்து பொன்னரை றெக்கையைப் பிடிச்சாங்க.

அந்த நேரத்துலதான் சிணுங்கி அதைச் செஞ்சா. யாரையும் கேக்கல, ஒரு வரி ஒப்பிக்கல. வாசலைத் தாண்டிப் பறந்துட்டா. சாயங்கால வேளை. அந்த வேளையில பாடத்தை ஒப்பிச்சுட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பினதில்ல.

"போச்சு, பிள்ளையைக் கொன்னுட்ட"ன்னா கருமுதுகி.

"அவ வரலேன்னா நீங்க துரத்த வேணாம் பெரியம்மா. நானே போயிர்றேன்." பொன்னரை தெளிவாத்தான் சொன்னா.

வாசல்ல வெயில் மங்கிட்டே வந்துச்சு. ஒருத்தரும் ஒப்பிக்கல. அப்புறம் புங்கம்பூ வாசனைதான் முதல்ல உள்ள வந்துச்சு. பின்னாடியே சிணுங்கி, உடம்பெல்லாம் பூந்தூளு. வந்தவ அழல. நேரா தேனடையில ஏறி இடுப்பை ஆட்ட ஆரம்பிச்சுட்டா.

கருமுதுகி விடல. "பாத்தீங்களா? டீச்சர் நேர் கீழ நடந்தா. இவ சாய்ஞ்சு நடக்குறா. ஒரே மரத்துக்கு ரெண்டு ஆட்டமா? தப்பு."

"தப்பில்ல பெரியம்மா. டீச்சர் ஆடினப்போ இருந்த இடத்துல இப்போ சூரியன் இல்ல."

இதைப் பொன்னரை சொல்லிக் குடுக்கல மாமா. அந்தப் பிள்ளை போற வழியில தானாக் கண்டுபிடிச்சது. இப்படியொரு பதிலை ஒப்பிச்சு வாங்க முடியுமா?

கருமுதுகி கொம்பை நீட்டி அந்தச் சின்ன வயித்தைத் தொட்டுப் பார்த்தா. அது சாய்ஞ்ச பக்கமே சாய்ஞ்சு, பின்னாடியே நடந்தா. அப்புறம் மிச்சமிருந்த வெளிச்சத்துல பறந்து போனா. வயிறு நிறையத் தேனோட வந்தா. மன்னிப்பெல்லாம் கேக்கல, அது அவ சுபாவம் இல்ல. காவல்காரிங்ககிட்ட "டீச்சரை விடுங்கடி"ன்னா. அப்புறம் அந்த வயசுல, தத்தக்கா பித்தக்கான்னு, மத்தவங்க தொட்டுப் படிக்கிற மாதிரி ஆடினா.

அன்னையிலிருந்துதான், பூவைக் கண்ட தேனீ கூட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்காம ஆடுது. சூரியன் நகர நகர ஆட்டத்தையும் மாத்திக்குது. மத்ததுங்க அதோட வயித்தைத் தொட்டே வழி படிக்குதுங்க.

இப்போ நீங்க எந்திரிங்க மாமா. ஒப்பிச்சா போதும்னீங்களே, சாயங்காலம் கெளம்புற தேனீக்கு அந்த இருட்டுல நீங்க எப்படி வழி சொல்லிக் குடுப்பீங்க? டீச்சர்கிட்ட தனியாச் சொல்ல வேணாம், எங்கப்பாவை ஓரமாக் கூட்டிட்டுப் போயும் சொல்ல வேணாம். இங்கேயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்க.