குக்கர் விசிலோடு ஒரு தாலாட்டு

"குருவம்மா, எம் பொண்ணு ஓவியா திருடுறா."

ஆற்றங்கரை மடத்தில் குருவம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதை?"

"பாட்டை."

ராஜாமணி எதிரே உட்கார்ந்தாள். தானும் ஒரு கை அவரைக்காயை அள்ளிக்கொண்டாள்.

"புதுப்படம் வந்தா போதும். எவனோ போட்டு வெச்ச இடத்துல இருந்து ஓசியில இறக்கிடுறா. இறக்கி, காலேஜ் முழுக்க அனுப்புறா. பாடினவங்க, வாசிச்சவங்க, எத்தனை பேர் பாடுபட்டிருப்பாங்க! ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்கணும்தான்."

"சொன்னா, ஊரே செய்யுதும்மாங்கிறா. இப்படியா வளர்த்தேன்? எனக்குத் தூக்கமே இல்லை."

"நீ எப்பத்தான் தூங்கினே?"

ராஜாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த காயை ஒடித்தாள். கண் கலங்கிவிட்டது.

"அதைக்கூட விடுங்க. ஓவியா பாடுறதையே நிறுத்திட்டா. எப்பவும் சமையல்மேடை மேல ஏறி உட்கார்ந்து பாடிட்டே இருப்பா. ஆடியிலிருந்து வாயே திறக்கலை. வீடு வெறிச்சுன்னு கிடக்கு."

"ஆடியில என்ன நடந்துச்சு?"

"நல்லதுதான் நடந்துச்சு! அவ பாடினதை அவளுக்குத் தெரியாம போன்ல பிடிச்சு, சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். என்ன பாராட்டு! அவங்க இவங்களுக்கு அனுப்ப, இவங்க அவங்களுக்கு அனுப்ப, அவ காலேஜுக்கே போயிடுச்சு. நடுவுல குக்கர் விசில் அடிக்குது. 'அடுப்பை அணைடி, தடிமாடு'ன்னு நான் கத்துறேன். அதுவும் பதிஞ்சிருக்கு. இப்ப அவளைக் கண்டாலே பசங்க குக்கர் மாதிரி விசிலடிக்கிறாங்களாம்."

குருவம்மா சிரித்துவிட்டார்.

"என்ன பாட்டு அது?"

"அவளுக்கு நான் பாடின தாலாட்டு."

"பாடேன், கேட்போம்."

"ஐயையோ, என் தொண்டையிலயா!"

"இங்க யாரு இருக்கா? நானும் அவரைக்காயும்தான்."

ராஜாமணி பாடினாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மறந்துபோன வரியைத் தன்னானே போட்டு நிரப்பினாள். கை தானாகத் தொட்டில் ஆட்டியது.

கண்ணைத் திறந்தபோது குருவம்மாவின் கையில் போன் இருந்தது. அதற்குள்ளிருந்து ராஜாமணியே பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுறீங்க?"

"மடத்து குரூப்ல போடப்போறேன். நல்லாத்தானே இருக்கு? நாலு பேர் கேட்கட்டும்."

"வேண்டாம்! உங்களுக்காகத்தானே பாடினேன்! நீங்க ஒருத்தர்தான் கேட்குறீங்கன்னுதானே நான்..."

பேச்சு பாதியில் நின்றது.

குருவம்மா போனை அவளிடமே நீட்டினார். ராஜாமணி தன் பாட்டை அழித்தாள்.

மிச்ச அவரைக்காயை இருவருமாக உரித்து முடித்தார்கள்.

*

அடுத்த அமாவாசைக்கு ராஜாமணி மறுபடி வந்தாள்.

"ஓவியாகிட்ட மன்னிப்புக் கேட்டேன், குருவம்மா. வீடு வீடா போன் போட்டு, அந்தப் பாட்டை அழிங்கன்னு சொல்லிட்டு இருக்கேன். பெரிய நாத்தனார் முறுக்கிக்கிட்டாங்க. அவங்க போன்ல அதுதான் ரிங்டோனாம்."

"திருட்டு என்னாச்சு?"

"அதைப் பேச வாயெடுத்தா, 'நீ எல்லா வீட்டுலயும் அழிக்க வெச்சுட்டியா?'ன்னு மடக்குறா. நேத்து ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தோம். நான் நாத்தனார்கிட்ட கெஞ்சிட்டு இருந்தேன். அவ இறக்கி வெச்சதுல ஒண்ணு ரெண்டை அழிச்சுட்டு இருந்தா. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் கேட்டுக்கிறா, கள்ளி."

"பாடுறாளா?"

ராஜாமணி மடத்துக்கென்று கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள். தயிர்சாதம். சோறு கூழாகக் குழைந்திருந்தது.

குருவம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"காலையில குக்கர் விசில் அடிச்சுட்டே இருந்துச்சு, குருவம்மா. அவ சமையல்மேடை மேல ஏறி உட்கார்ந்திருந்தா. நான் கத்தவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை."