எண்ணாத இருபது

ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு நிமிஷம் போன இடம் தெரியாது. அதே ஒரு நிமிஷம் கையைக் கட்டி நின்று அடுத்தவர் நெஞ்சையே பார்க்கச் சொன்னால்?

இசக்கியம்மாளுக்கு அதுதான் குறை.

“மேடம், எனக்குப் பன்னிரண்டு கட்டில். ஆளுக்கு ஒரு நிமிஷம் மூச்சு எண்ணினா பன்னிரண்டு நிமிஷம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இதே கூத்து. அந்த நேரத்துல நாலு பேருக்குப் படுக்கை மாத்திருவேன். எல்லாரும் எண்ணாமலே இருபதுன்னு எழுதுறாங்க. நான் மட்டும் எண்ணணுமா?”

கேட்டவளுக்கு வயது முப்பத்து நாலு. சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்கு இருந்தவள். கணவன் போன பிறகு, ஆதரவற்ற விதவைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நர்சிங் டிப்ளமா சேர்ந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் அம்மாவிடம். இன்னும் ஐந்து மாதம் தள்ளிவிட்டால் படிப்பு முடிந்தது.

பதில் சொல்ல வேண்டியவள் ஷாஹிதா. வார்டில் மாணவிகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் டியூட்டர். இசக்கியைவிட ஏழு வயது சின்னவள். “இசக்கியக்கா, மேடத்துக்கு நீங்கதான் பாடம் எடுக்கணும் போல” என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள்.

ஷாஹிதா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள்.

“எதுக்கு மேடம்? என்கிட்டயே வாட்ச் இருக்கே.”

“உங்க வாட்ச்ல நொடி முள் இல்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இசக்கிக்குச் சுருக்கென்றது. கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அது அங்கேயே கிடந்தது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இசக்கி வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவள் இல்லை. வாந்தி எடுத்தவரை முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவாள். படுக்கைப் புண்ணுக்கு அவள் கட்டுப் போட்டால்தான் வலிக்காது என்று நோயாளிகள் காத்திருப்பார்கள். சும்மா நிற்கத்தான் அவளுக்கு வராது.

நாலாம் கட்டிலுக்குப் பூல்பாண்டி வந்து மூன்று நாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். கூட இருந்தது அவர் மனைவி மாடத்தி. அவளும் உப்பளத்துக்காரிதான்.

மூன்றாம் நாள் காலை, இசக்கி பக்கத்துக் கட்டிலில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது மாடத்தி எழுந்து வந்தாள்.

“நர்ஸம்மா, விடியக்காலத்துல இருந்து இவருக்கு மூச்சு வாங்குத மாதிரி இருக்கே. நெஞ்சு வேகு வேகுன்னு ஏறி எறங்குது.”

இசக்கியின் இரண்டு கையிலும் அழுக்குத் துணி. கட்டில் காலடியில் தொங்கிய சார்ட்டை எட்டிப் பார்த்தாள். காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் கட்டம் கட்டமாக எழுதும் தாள் அது. மூச்சுக்கு நேராக இருபது, இருபது, இருபது. பாதிக்குமேல் அவள் கையெழுத்து.

“இருபதும்மா. இருபதுன்னா நல்ல மூச்சு. பயப்படாதீங்க.”

“அப்படியா தாயி. எழுதியே போட்டிருக்கியளே, சரியாத்தான் இருக்கும்.”

மாடத்தி போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை.

இசக்கி எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேருக்கும் காய்ச்சல் பார்த்தாள். நாடி பிடித்தாள். மூச்சுக் கட்டத்தில் இருபது போட்டாள். குளிப்பாட்ட நாலு பேர் காத்திருந்தார்கள். கையோடு கையாகப் பத்து மணிக்கான மூச்சுக் கட்டத்திலும் இருபதை எழுதி வைத்துவிட்டாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சார்ட்டில் விரலை ஓட்டினார். அதே மருந்து போகட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஒன்பது நாற்பதுக்கு நாலாம் கட்டிலில் சத்தம்.

எல்லாரும் ஓடினார்கள். ஆக்சிஜன் உருண்டு வந்தது. டாக்டர் மாறி டாக்டர் நெஞ்சை அழுத்தினார்கள்.

முடிந்தது.

மாடத்தி தன் தம்பிக்குப் போன் பேச வராந்தாவுக்குப் போனாள்.

சார்ட் அங்கேயே தொங்கியது. பத்து மணிக்குப் பூல்பாண்டி நிமிஷத்துக்கு இருபது மூச்சு விடுவார் என்று அதில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் சிஸ்டர்தான் முதலில் கண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தக் கட்டத்தை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. கட்டில் மாறி எழுதிட்டேன்னு சொல்லு. மத்ததை ஒருத்தரும் நோண்ட மாட்டாங்க. ரெண்டு பிள்ளையை வச்சிருக்கே.”

இசக்கி பேனாவை எடுத்தாள்.

ஷாஹிதா வந்து நின்றாள். திட்டவில்லை. நாலாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். பூல்பாண்டியின் மேல் கிடந்த போர்வையை நெஞ்சுவரை இறக்கினாள்.

“எண்ணுங்க.”

“மேடம்...”

“ஒரு நிமிஷம்.”

இசக்கி கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தாள். நொடி முள் நடந்தது.

வெயிலில் கறுத்த நெஞ்சு. எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உப்பு அரித்த விரல்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ டிபன் பாக்ஸ் திறந்தார்கள். முள் பாதி வட்டம்கூட வரவில்லை. ஒரு ஈ அவர் கழுத்தில் உட்கார்ந்தது. இசக்கி ஓட்டினாள். அது திரும்ப வந்தது. திரும்ப ஓட்டினாள். முள் இன்னும் சுற்றி முடிக்கவில்லை.

“எத்தனை?”

“இல்ல மேடம்.”

“எண்ணிக்கையைச் சொல்லுங்க.”

“பூஜ்யம்.”

“எழுதுங்க.”

பத்து மணிக் கட்டத்து இருபதுக்குப் பக்கத்தில் இசக்கி எழுதினாள். அந்த வார்டில் அவள் எண்ணி எழுதின முதல் மூச்சு அதுதான்.

பேனா நின்ற இடத்திலேயே கேட்டாள். “முன்னாடி எழுதின இருபதையெல்லாம் என்ன செய்யறது மேடம்?”

“உள்ளதைச் சொன்னா விசாரணை வரும். உங்களை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க. சொல்லலைன்னா ஒண்ணும் வராது.”

“நான் என்ன செய்யட்டும்?”

ஷாஹிதா போர்வையைக் கழுத்துவரை ஏற்றி, மடிப்பை நீவிவிட்டாள்.

“வாட்சைக் கொடுத்த அன்னைக்கு, எண்ணுறீங்களான்னு நான் வந்து பாத்திருக்கணும். கொடுத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். அதை நான் எழுதிக் கொடுக்கப் போறேன். உங்களதைச் சொல்றதும் சொல்லாததும் உங்ககிட்ட.”

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனபோதுதான் மாடத்தி உள்ளே வந்தாள். அழுது முடித்திருந்தாள். புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ மனசு விடாத தாயி. உன் முகமே செத்துப் போச்சு.”

இசக்கி கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

“கடைசி வரைக்கும் நல்ல மூச்சுதானே விட்டாரு. நீதான் சொன்னியே, இருபதுன்னு. என் கண்ணுக்குத்தான் கோளாறு. இருபது வருசம் உப்பு வெள்ளையப் பாத்த கண்ணு இல்லியா? வெயில்ல கூசிக் கூசிக் கெட்டுப் போச்சு. நெஞ்சு ஏறி எறங்குதுன்னு எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு.”

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இனி எதை நம்பச் சொல்லுத?”

திரைக்கு வெளியே சார்ஜ் சிஸ்டரின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. இசக்கி சிறியவளை நினைத்தாள். பெரியவளை நினைத்தாள். ஐந்து மாதத்தை நினைத்தாள்.

தரையில் மாடத்திக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. நீங்க பாத்ததுதான் சரி. அந்த இருபதை நான் எண்ணவே இல்ல.”

மாடத்திக்கு முதலில் விளங்கவில்லை.

“எண்ணாமயா எழுதுன?”

“ஆமாம்மா.”

“மூணு நாளுமா?”

“ஆமா.”

மாடத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஓங்கினாள். ஓங்கின கை எங்கே போவது என்று தெரியாமல் பூல்பாண்டியின் பாதத்தின் மேலேயே விழுந்தது. வெளியே நின்ற செருப்புச் சத்தம் மெதுவாகத் தள்ளிப் போனது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து தாண்டிவிட்டிருந்தது.

திரை விலகிக் கிடந்த இடைவெளியில் ஐந்தாம் கட்டில் தெரிந்தது. அதில் ஒரு கிழவர் வாயைத் திறந்து படுத்திருந்தார். மாடத்தி அவர் நெஞ்சையே பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

“அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்குது” என்றாள். “எந்திரி. போய் எண்ணு தாயி.”